உஷார்! அந்த ஒரு யூனிட்டின் விலை 598 ரூபா

கரண்ட் பில் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? கட்ட வேண்டிய தொகையைத்தானே? அங்கேதான் நம் சனம் ஏமாந்து போகிறது. தொகை கண்ணில் படும்போது எல்லாம் முடிந்திருக்கும். பார்க்க வேண்டியது யூனிட் கணக்கை. அதையும் பில் வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால்.

கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அம்மாமாரே, அக்கா தங்கச்சிமாரே, கொழும்பில் கடையில் நின்று வீட்டுக்குக் காசு அனுப்பும் தம்பிமாரே, ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

2025 ஜூன் 12ஆம் திகதி அமுலுக்கு வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முப்பது நாளில் ஒரு வீடு 60 யூனிட் எரித்தால், முதல் 30 யூனிட்டுக்கு 4.50 ரூபாப்படி 135 ரூபா. அடுத்த 30க்கு 8 ரூபாப்படி 240. நிலையான கட்டணம் 210. மொத்தம் 585 ரூபா.

அதே வீடு 61 யூனிட் எரித்தால்?

ஒரு யூனிட்தானே, எட்டோ பத்தோ கூடும் என்று நினைப்பீர்கள். இல்லை. 60ஐத் தாண்டிய நொடியிலேயே அந்த மலிவு விலை மொத்தமாகப் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறும். 60 யூனிட்டுக்கும் 12.75 ரூபாப்படி 765 ரூபா. 61ஆவதுக்கு 18.50. நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183 ரூபா 50 சதம்.

ஒரே ஒரு யூனிட்டுக்கு 598 ரூபா 50 சதம்!

சேர்ட் அயன் பண்ணிய நேரம் கொஞ்சம் கூடியிருக்கலாம். விருந்தாளி வந்த இரவு கூடத்தில் லைட்டை அணைக்க மறந்திருக்கலாம். அவ்வளவுதான். இது எவரும் செய்த மோசடி இல்லை. பட்டியல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு வரி இதற்கு மேல் தனி.

இப்போது ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். தோட்டத்தின் பெயரும் வேண்டாம். கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கீழே பார்த்தபடி இருக்கும் ஒரு லயம். மூன்று காம்பராவுக்கு ஒரு மீற்றர். முதல் காம்பராவின் இஸ்தோப்புச் சுவரில் பெட்டி. அங்கிருந்து நடுக் காம்பராவுக்கும் கடைசிக் காம்பராவுக்கும் உள்ளால் வயர் இழுத்திருந்தது. எப்போதோ பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு. பில் வந்தால் மூன்றாகப் பிரித்துக் கட்டுவார்கள். சண்டை சச்சரவு கிடையாது.

வீட்டுக்கு 45 யூனிட் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்தால் 135. அப்போதே அவர்கள் ஏமாந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதல் காம்பராவில் ஒரு பாட்டிக்கு இன்சுலின் போட வேண்டி வந்தது. மருந்து கெட்டுவிடக் கூடாது என்று மகன் கொழும்பிலிருந்து பழைய ஃப்ரிஜ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பனிக்காலம் என்று கேத்தலும் வந்தது. யாரைக் குறை சொல்வது? பாட்டிக்கு மருந்து வேண்டாமா?

அந்த வீட்டின் பாவனை 45இலிருந்து 96க்கு ஏறியது. மூன்று வீட்டுக்கும் சேர்த்து 186. பில் 4,155 ரூபாவில் இருந்து 6,966க்குப் பாய்ந்தது. கூடியது 51 யூனிட். கூடிய காசு 2,811 ரூபா.

மூன்றாகப் பிரித்தால் வீட்டுக்கு 2,322. கடைசிக் காம்பராவில் இருக்கும் நம் அக்கா எரித்தது வழக்கமான அதே 45 யூனிட். அவருக்கென்று தனி மீற்றர் இருந்திருந்தால் 465 ரூபாவோடு முடிந்திருக்கும்.

2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி அப்போது நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. கொழுந்து குறைந்த மாதம். பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்ட நாட்களும் உண்டு. ஒரு மாதம் பாதி கட்டினார். அடுத்த மாதம் முடியவில்லை. நடு வீட்டுக்காரர், “அவங்க கட்டாம நான் மட்டும் ஏன் கட்டணும்?” என்று நிறுத்திக்கொண்டார். சிவப்பு பில் வந்தது. ஒரு காலையில் ஆட்கள் வந்து இணைப்பை வெட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வீடும் இருட்டு.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்காவின் மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. பின் லயத்தில் இருந்த சொந்தக்காரர் இரக்கப்பட்டு, “ஒரு பல்புக்குத்தானே, இழுத்துக்கங்க” என்றார். வயரைக் கூரைத் தகரத்துக்கு மேலால் போட்டு, தகரம் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் செருகி, உள்ளே இறக்கினார்கள். ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்த லைன். காற்றில் தகரம் ஆடும். ஆட ஆட வயரின் மேல்தோல் தேயும். அந்தத் தகரத்தை இறுக்கிய ஆணியில்தான் உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பியும் கட்டியிருந்தது.

இரவெல்லாம் மழை. விடியற்காலையில் மகளின் வெள்ளைச் சீருடையைப் பிழிந்து கம்பியில் போடக் கையைத் தூக்கியவரை வாசலுக்கு அப்பால் தூக்கி வீசியது. றப்பர் செருப்புப் போட்டிருந்தார். உயிர் தப்பியது. வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கருகிப் போயின.

கொழுந்து கிள்ளும் விரல்கள்.

இப்போது சொல்லுங்கள், இதைக் கரண்ட் பிடித்த விபத்து என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாமா? வயர் தேய்ந்ததும் மழை பெய்ததும் உண்மை. ஆனால் அந்த வயரை அங்கே கொண்டுபோய்ச் செருகியது கட்டணப் பட்டியல்.

நன்றாகக் கவனியுங்கள். யூனிட் கூடக்கூட விலை கூடும் என்ற முறை ஏழைகளுக்காகவே வந்தது. குறைவாக எரிக்கிறவர் ஏழை, நிறைய எரிக்கிறவர் வசதியானவர், வசதியானவரிடம் கூட வாங்கி ஏழைக்குக் குறைத்துக் கொடு. கணக்கு அதுதான். நல்ல நோக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலுக்குக் குடும்பத்தைத் தெரியாது. அது மீற்றரை மட்டும்தான் எண்ணும். மூன்று குடும்பம் ஒரு மீற்றரில் எரித்தால், அதன் கண்ணுக்கு அது ஒரு பெரிய வீடு. ஏசியும் வாஷிங் மெஷினும் ஓடும் கொழும்பு வீட்டோடு நம் லயத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். ஃப்ரிஜ் வருவதற்கு முன்பே, 135 யூனிட்டுக்கு அவர்கள் வீட்டுக்கு 1,385 ரூபா கட்டினார்களே, அது கட்ட வேண்டியதைப் போல் மூன்று மடங்கு. மாதாமாதம். வருடக் கணக்கில். ஒருவருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டிலும் இதே கூத்துத்தான். 2016இல் அங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கினார்கள். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவரிடம் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்கிக்கொள்வது ஊரறிந்த விஷயம். சலுகை மீற்றர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே.

விலை இப்படித் தலைகீழாகப் புரண்டது எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா? 2022 ஆகஸ்டுக்கு முன் ஒன்பது வருடமாகக் கட்டணம் பெரிதாக ஏறவில்லை. 60 யூனிட்டுக்கு 280 ரூபா 50 சதம். 2022 ஆகஸ்ட் 10இல் அது 780 ஆனது. 2023 பெப்ரவரியில் 2,560! ஆறே மாதத்தில் ஒன்பது மடங்கு. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. விளக்கெரிக்க மட்டும் இரண்டரை நாள் மலை ஏற வேண்டியிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு, செலவை அப்படியே கட்டணத்தில் வசூலிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அந்த உயர்வை எதிர்த்துப் பேசிய பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க 2023 மே மாதம் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் பதவியிழந்தார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நாடு முழுக்க இலட்சக்கணக்கான இணைப்புகள் வெட்டப்பட்டன.

பிறகு இறங்கியது. 2024இல் இரண்டு தடவை, 2025 ஜனவரியில் 20 சதவீதம். ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏறியது. இறங்கியதற்குப் பெரிய காரணம் மழை. நம் மலையில் பெய்த மழை! கொத்மலை நீர்த்தேக்கமும் மற்ற நீர்மின் அணைகளும் நிரம்பினால் டீசலும் எண்ணெயும் எரிக்கும் செலவு குறையும்.

இங்கே எனக்கு வயிறு எரியும். 1985இல் திறந்த கொத்மலை மின் நிலையம் 201 மெகாவாட். சுவீடன் உதவியில் கட்டியது. கிராமங்களும் வயல்களும் கோயில் குளங்களும் தண்ணீருக்கு அடியில் போயின. தலவாக்கலையில் 2012இல் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட். ஜப்பான் கடன். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. சென் கிளேயர் அருவிக்கு இன்று தண்ணீர் விடுவதும் நேரக் கணக்கில். இங்கே பிறக்கும் கரண்ட் பெரிய கம்பியில் ஏறி பியகமவுக்குப் போகிறது. 2021 டிசம்பர் 3ஆம் திகதி அந்தக் கொத்மலை - பியகம கம்பியில் கோளாறு வந்தபோது நாடே இருண்டது. அவ்வளவு முக்கியமான கம்பி. அதன் அடியில் இருக்கும் லயத்தில், பிள்ளை படிக்க ஒரு பல்பு இரவல்.

சரி, இனி சோலார். இதையும் உஷாராகக் கேளுங்கள்.

2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் சூரியன், காற்று, தண்ணீர் போன்றவற்றிலிருந்து வர வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. நல்லதுதான். நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரிகிறது. அதன் புகையையும் சாம்பலையும் அந்த ஊர்ச் சனம் எத்தனை காலம் தாங்கும்? ஆனால் கூரையில் சோலார் போட முதலில் உங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். போட இலட்சக்கணக்கில் காசு வேண்டும். தனி மீற்றர் வேண்டும். இந்த மூன்றும் யாரிடம் இருக்கிறது? 180 யூனிட்டுக்கு மேல் எரித்து யூனிட்டுக்கு 61 ரூபா கட்டிக்கொண்டிருந்த வசதியான வீடுகளிடம்தான். அவர்கள் போட்டார்கள். பில் விழுந்தது. சிலருக்கு மின்சார சபையே காசு கொடுத்தது. அவர்கள் செய்ததில் தப்பில்லை.

ஆனால் அந்த 61 ரூபாக்காரர்களின் காசில்தானே நம் 4.50 ரூபா நின்றது? அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால் கம்பிக்கும் தூணுக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு யார் தலையில் விழும்? மிச்சம் இருக்கிறவர்கள் தலையில். கூரை இல்லாதவர்கள் தலையில். நாளைக்கு யாராவது “முதல் 60 யூனிட்டுக்குச் சலுகை எதற்கு?” என்று மெதுவாகப் பேச்செடுத்தால், அது உங்கள் அடுப்படிக்கு வரும் பேச்சு.

இன்னொரு கோணமும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று எல்லாரும் சிரித்தோம். சிரிப்புக்குப் பின்னால் இருந்த விஷயம் வேறு. விடுமுறைப் பகலில் சோலார் அதிகம், பாவனை குறைவு, அதனால் கட்டமைப்பு தள்ளாடுகிறது. அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. நடுப்பகலில் கரண்ட் வேண்டாம் என்கிறார்கள். மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை போதாமல் எண்ணெய் எரிக்கிறார்கள். அப்படியானால் பகலில் மலிவாகக் கொடுத்தால் என்ன? நேரத்துக்கு ஒரு விலை என்ற முறை இலங்கையில் இருக்கிறது. அதற்கேற்ற மீற்றர் வைத்திருப்பவர்களுக்கு. லயத்து மீற்றருக்கு நேரம் தெரியாது. தெரிந்தாலும் என்ன பயன்? பகல் முழுக்க நம் பெண்கள் மலையில். வீட்டுக்கு வந்து சோறு பொங்குவது அந்த 6.30க்குத்தான். நாளைக்கு “இரவில் எரிப்பவருக்கு விலை கூடும்” என்று எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டால், முதலில் அடிபடுவது மலைக்குப் போய்த் திரும்பும் பெண்.

மன்னார் காற்றாலைக் கதை தெரியுமா? அதானி நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று பேசியிருந்தார்கள். விலை அதிகம் என்று அப்போது புதிதாக வந்த அரசாங்கம் குறைக்கச் சொன்னது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் இன்னொரு 50 மெகாவாட் திட்டத்துக்கு 4.65 சதத்துக்கு ஒப்பந்தமானது. கிட்டத்தட்ட பாதி! காற்று சுத்தமானது என்பதற்காக எந்த விலையும் நியாயமாகிவிடாது. அப்படிக் கையெழுத்தாகும் விலையைப் பல வருடம் கட்டப் போவது நம் பில்லில்தான். மன்னார்ச் சனமோ தங்கள் நிலமும் நீரோட்டமும் கெடுகிறது என்று தெருவில் நின்றார்கள். அவர்களுடைய பயத்துக்கு எந்தப் பட்டியலிலும் விலை போடவில்லை.

விலை ஏறினால் சுத்தமான அடுப்பும் நிற்கும். இது புத்தகத்துப் பேச்சு இல்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனபோது கையில் இருந்த காசுக்கு ரைஸ் குக்கர் வாங்கிய வீடுகள் எத்தனை! அடுத்த பெப்ரவரியில் கரண்டும் ஏறியது. குக்கர் அலுமாரிக்கு மேலே ஏறியது. சவுக்கும் தேயிலைக் கவாத்துக் குச்சியும் அடுப்புக்கு வந்தன. ஜன்னல் இல்லாத காம்பராவில் விறகுப் புகை. அதைக் குடிப்பது அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையும். நிற்காத இருமல், கண் எரிச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பனிக்குளிர் என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

இனி வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் அசட்டையாக இருக்காதீர்கள்.

ஒரு மீற்றரில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம். இதுதான் எல்லாவற்றுக்கும் தாய். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மகன் கல்யாணம் முடித்துப் பக்கத்தில் ஒரு அறை இறக்கிக் குடிபோனாலும் இதே கதைதான். அடுப்பு இரண்டானால் மீற்றரும் இரண்டாக வேண்டும்.

பில் செத்துப்போன தாத்தாவின் பெயரில் வருகிறதா? தோட்டத்தின் பெயரில் வருகிறதா? சம்பளத் துண்டில் “லைட்” என்று பிடிக்கிறார்களா, எத்தனை யூனிட்டுக்கு என்று போடாமல்? அப்படியென்றால் நீங்கள் வாங்கும் கரண்டுக்கு உங்களிடம் கணக்கே இல்லை. வழக்குப் பேச வாயும் இல்லை.

வீடு பூட்டியிருந்தது என்று மதிப்பீட்டில் பில் போட்டிருக்கிறார்களா? பில்லில் இருக்கும் இலக்கத்தையும் மீற்றரில் ஓடும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைத்துப் போட்டால் சந்தோஷப்படாதீர்கள், பிறகு மொத்தமாக வந்து விழும்.

பிளக்கைத் தொட்டால் சூடு. சுவிட்ச் போட்டால் சடசட என்ற சத்தம். பிளாஸ்டிக் கருகும் வாடை. கேத்தல் போட்டால் பல்பு மங்குகிறது. இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மெயினை அணையுங்கள். பழைய வயரில் புதுச் சாமான் ஏறிவிட்டது என்று அர்த்தம். லயத்தில் ஒரு காம்பரா பிடித்தால் வரிசை முழுக்க எரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் புத்தகம், ஒன்றும் மிஞ்சாது. மின் ஒழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்துவிட்டோம்!

கூரைத் தகரத்தில், கொடிக்கம்பியில், தண்ணீர்க் குழாயில் தொட்டால் சுள்ளென்கிறதா? “லேசாத்தான் பிடிக்குது” என்று சொல்லும் வீட்டுக்குத்தான் பெரிய ஆபத்து. லேசாக என்று ஒன்று கிடையாது. காய்ந்த காலில் லேசு, நனைந்த காலில் சாவு. ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

வாளித் தண்ணீரில் கொயில் போட்டுக் கொதிக்க வைக்கிறீர்களா? அணைக்காமல் விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து இன்றோடு விடுங்கள்.

கரண்ட் வெட்டிய வீட்டில் குப்பி விளக்கு. மூடி இறுகாத போத்தல், மண்ணெண்ணெய், நுளம்பு வலை, பக்கத்தில் தூங்கும் பிள்ளை. குப்பி விளக்குச் சரிந்து எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றையே உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்தோம். பில் கட்ட முடியாத வீட்டில் அது போகவில்லை.

“இலவச சோலார், முற்பணம் மட்டும் கட்டுங்க” என்று யாராவது லயத்துக்கு வந்தால்? கூரை யாருடையது என்று கேளுங்கள். மீற்றர் யார் பெயரில் என்று கேளுங்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முன்பே ஆள் போய்விடுவார்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, தனி மீற்றர். சும்மா கிடைக்காது, அலைய வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் காரியம் நகராது. தனியாகப் போனால் “பார்ப்போம்” என்பார்கள். லயத்து ஆட்கள் பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டுப் போங்கள். கிராம சேவகரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்களே, தலைவரைக் கூப்பிடுங்கள். சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள் மீற்றருக்கும் பேசட்டும். உள் வயர் பழையதென்றால் மீற்றர் வருவதற்கு முன்பே அதை மாற்ற வேண்டியிருக்கும். சீட்டுக் காசை அதற்கு ஒதுக்கினால் நட்டமில்லை, மேலே பார்த்த 1,385 ரூபா 465 ஆனால் வீட்டுக்கு மாதம் 900 ரூபாவுக்கு மேல் மிச்சம்.

தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 2 யூனிட். அவ்வளவுதான் கணக்கு. 30 நாளுக்கு 60. பில் போடும் நாட்கள் கூடினால் வரம்பும் அதற்கேற்பக் கூடும், பயப்பட வேண்டாம். பில் வந்த அன்று மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் குறியுங்கள். பதினைந்தாம் நாள் மறுபடி பாருங்கள். 30க்கு மேல் ஓடியிருந்தால் மிச்ச நாட்களில் கேத்தலைத் தொடாதீர்கள். 1,500 வாட்ஸ் கேத்தல் 40 நிமிடம் கொதித்தால் 1 யூனிட். ஒரு தடவை கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். 60 வாட்ஸ் பழைய பல்பு இரவுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட்ஸ் எல்.ஈ.டி. என்றால் ஒன்றரைகூட வராது. ஃப்ரிஜ் மாதம் 30, 40 யூனிட் தின்னும். மருந்துக்கு என்றால் வேண்டியதுதான். சோடா குளிர வைக்க என்றால், நம் ஊர்க் குளிருக்கு அது தேவையா?

மூன்று வீட்டுக்கு ஒரு மீற்றர் என்றால், யார் எவ்வளவு எரித்தார் என்று அளக்க ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே ஒரு சின்ன உப மீற்றரைத் தகுதியுள்ள மின்தொழிலாளியைக் கொண்டு போடுங்கள். அதனால் பில் குறையாது. சண்டை குறையும். சிவப்பு பில் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குப் போய் தவணை கேளுங்கள். கேட்கிற ஆளுக்கு வழி கிடைக்கும், ஒளிகிற ஆளுக்கு வெட்டுத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டணம் மாறுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. மாகாணம் மாகாணமாக நேரிலும், எழுத்திலும். அங்கே ஹோட்டல்காரர் வருகிறார், தொழிற்சாலை முதலாளி வருகிறார், சோலார் கம்பனிக்காரர் வருகிறார். லயத்திலிருந்து எத்தனை பேர் போனோம்? தமிழில் எழுதலாம். நீளமாக எழுத வேண்டாம். “எங்கள் லயத்தில் இத்தனை குடும்பம், இத்தனை மீற்றர். சலுகையை மீற்றருக்குக் கொடுக்காதீர்கள், குடும்பத்துக்குக் கொடுங்கள். தனி மீற்றர் கிடைக்கும் வரை குடும்ப எண்ணிக்கையால் யூனிட்டைப் பிரித்து பில் போடுங்கள்.” இந்த மூன்று வரி போதும். கீழே எல்லாரும் கையெழுத்து.

அடுத்த கட்டண மாற்றம் வரும் முன் இதைச் செய்யுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை விலை ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறிவித்தல் வர நாளாகாது.

அறுந்த கம்பி, தீப்பொறி, தகரத்தில் கரண்ட், எதுவானாலும் நீங்களாகத் தொடாதீர்கள். மின்சார அவசரத்துக்கான தொலைபேசி இலக்கம் 1987. தமிழிலும் பேசலாம். பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதி வையுங்கள்.